பூசாரியின் பத்து விநாடி

1929 மே 6, லாஸ் ஏஞ்சல்ஸ்

இன்று செத்தேன். இது இருபத்து மூன்றாவது தடவை.

அட்டைக் கோட்டையின் மதில்மேல் நின்றேன். கதாநாயகன் கீழிருந்து சுட்டான். வைக்கோல் மெத்தையில் விழுந்தேன். முதல் தடவை இன்னொரு பிணம் என்மேலேயே வந்து விழுந்தது. இரண்டாம் தடவை சூரியன் மேகத்துக்குள் போய்விட்டது. மூன்றாம் தடவை அருமையாகச் செத்தேன். டைரக்டருக்கு என் பெயர் தெரியாது. "அந்தத் தாடிக்காரன் நன்றாகச் சாகிறான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். இடுப்பு வலிக்கிறது, ஆனாலும் மனசு குளிர்ந்துதான் இருக்கிறது. பொய் சொல்வானேன்.

இந்த நோட்டை நேற்று வாங்கினேன். எழுதாமலே இருந்தால் தமிழ் கையைவிட்டுப் போய்விடும் என்று பயமாக இருக்கிறது. போன வாரம் அறையைப் பெருக்கும்போது வாரியல் என்ற சொல் வாயில் வரவில்லை. வாரியலைக் கையில் பிடித்துக்கொண்டே அரைமணி நேரம் நின்றேன்.

முறைப்படி தொடங்குவோம். பெயர் இன்னாசிமுத்து. ஊர் தூத்துக்குடி. வயது முப்பத்தெட்டு. சரக்குக் கப்பலில் சமையல்காரனாக வந்து இந்தக் கரையில் இறங்கியவன் திரும்ப ஏறவில்லை. தொழில், சினிமாவில் முகம் காட்டுவது. பெரும்பாலும் முதுகு. பாம்பாட்டி, பாலைவனக் கொள்ளைக்காரன், துருக்கிக் காவலாளி, ராஜாவுக்கு விசிறி வீசுகிறவன் என்று நாற்பத்தொரு படம் ஆகிவிட்டது. நடிகர் அனுப்பும் ஆபீஸில் என் கார்டில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "இந்து. சொந்தத் தலைப்பாகை. சொந்தத் தாடி." எங்களுடையது நானூறு வருஷமாக மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். எடுத்துச் சொன்னால் யாருக்கு விளங்குகிறது?

மனைவி பெயர் சலேத்து. ஊரில் இருக்கிறாள். மாதம் ஒரு காகிதம் போடுகிறேன். ஒன்பது வருஷம் ஆகப்போகிறது, ஒரு பதில் கிடையாது. போட்ட காகிதம் திரும்பி வரவும் இல்லை, ஆகவே வாங்கிக்கொள்கிறாள். "வா" என்று ஒரே ஒரு எழுத்து எழுதிவிட்டால் போதும், மறுநாளே கப்பல் ஏறுவேன். கூப்பிடாத வாசலில் எப்படிப் போய் நிற்பது? இந்த நாட்டுச் சட்டமோ என்னைப் போன்றவன் ஒரு தடவை வெளியே போனால் திரும்ப உள்ளே விடாது. அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் நடுக்கடலில் நிற்கவேண்டியதுதான்.

மே 19, ஞாயிறு

பூசை முடிந்து மீரான் காக்காவிடம் சாப்பிடப் போனேன். காயல்பட்டினத்துக்காரர், அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அவரும் கப்பலை விட்டு இறங்கியவர்தான். ஒரு தங்கும் விடுதியில் சமைக்கிறார். இந்த ஊரில் தமிழ் பேசக் கிடைத்த ஒரே மனிதர், அதனால் அவருடைய நாக்கைப் பொறுத்துக்கொள்கிறேன்.

"என்னவே இன்னாசி, இந்த வாரம் எத்தனை தடவை செத்தீரு?"

"ஒண்ணுமில்லை காக்கா. வேலையே வரலை."

"தொழில் மந்தமோ! பேசும்படம் வந்திட்டுல்லா, இனி உம்ம ஊமைப்படத்துக்கெல்லாம் பூட்டுத்தான்."

"அந்த வார்த்தையை என் முன்னால சொல்லாதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "எந்த வார்த்தைவே?"

"இப்பச் சொன்னீங்களே, அது."

காக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு இன்னொரு துண்டு மீனை எடுத்து என் தட்டில் வைத்தார். பேசாத படம் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? அதைத்தான் கேட்கிறேன்.

ஜூன் 3

காகிதம் இல்லை. சட்டை இரண்டு துவைத்தேன்.

ஜூன் 14

மாதாவே! வேஷம் கிடைத்திருக்கிறது. முகம் தெரிகிற வேஷம், பேச்சும் உண்டு.

பச்சைக்கல் படம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். கோயில் சிலையின் கண்ணிலிருந்து ஒரு வெள்ளைக்காரன் மரகதத்தைப் பெயர்த்துக்கொண்டு போகிறான். பூசாரி அவனுக்குச் சாபம் கொடுக்கிறான். சாபம் கடைசி ரீலில் பலிக்கிறது. பூசாரி நான்தான். அதோடு படம் முழுவதும் நான் சாகவே இல்லை!

ஒரே ஒரு இடி. தாடி மீசையை எடுக்கவேண்டுமாம். டைரக்டர் பெல்டன் யாரிடமோ நம் ஊர்க் கோயில் குருக்களின் போட்டோ ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார், மழமழவென்று சவரம் செய்த முகம். இந்தப் படத்தில் யானைக்குக் குதிரைச் சேணம் போட்டிருக்கிறார்கள், கோயிலுக்குள் ஒட்டகம் நிற்கிறது, அதெல்லாம் யார் கண்ணிலும் படவில்லை. ஆயிரம் தப்புக்கு நடுவில் ஒன்றே ஒன்றைச் சரியாகச் செய்தார்கள், அது என் மோவாயில் வந்து விடிந்தது.

ஜூன் 15

எடுத்தாயிற்று. ஒன்பது வருஷத் தாடி. சவரக்காரன் பெருக்கித் தள்ளியபோது எனக்கு அழுகை வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இனி என் கார்டில் என்ன எழுதுவார்கள்? "சொந்தத் தலைப்பாகை" மட்டுமா? கண்ணாடியில் பார்த்தால் எவனோ ஒருவன். கீழுதடு இவ்வளவு தடிப்பு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஜூன் 18

பேசும்படம் பிடிக்கிற கொட்டகைக்கு இன்று முதல் தடவை போனேன். சுவரெல்லாம் கம்பளி. கேமராவைக் கண்ணாடிக் கூண்டுக்குள் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள், அதன் கடகடப்பு வெளியே கேட்கக்கூடாதாம். சிவப்பு விளக்கு எரிந்தால் இருமல்கூட ஆகாது. முன்பெல்லாம் நாங்கள் செத்துக்கொண்டிருக்கும்போதே டைரக்டர் குழாயில் கத்திக்கொண்டிருப்பார். இப்போது மாதா கோயில் மாதிரி அமைதி.

விளக்கு எரிந்து எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, பூசைச் சாமான் எடுத்துவந்த ஒரு பெண்மணி பித்தளைத் தாம்பாளத்தைக் கீழே போட்டுவிட்டாள். அறுபது பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். நானும் திரும்பினேன். சத்தம் கேட்டால் திரும்புவதுதானே மனித இயல்பு.

பாவம், அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஜூன் 20

பூசாரிக்கு வசனம் எழுதவே இல்லை என்று இன்று தெரிந்தது. பெல்டனிடம் போய்க் கேட்டேன்.

"உன் பாஷையில் எதையாவது சொல்" என்றார்.

"எதையாவது என்றால்?"

"உங்கள் ஊர் மளிகைச் சாமான்களை வரிசையாகச் சொன்னாலும் எனக்குக் கவலையில்லை. கண்ணில் நெருப்பு இருக்கவேண்டும். பத்து விநாடிதான், அதற்குமேல் ஒரு விநாடி தாண்டக்கூடாது."

சரி என்று திரும்பி வாசல்வரை வந்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, கால் அப்படியே நின்றுவிட்டது. படம் உலகம் முழுவதும் போகும். நம் ஊர்க் கூடாரக் கொட்டகையில் ஓடுவதெல்லாம் இந்த ஊர்ப் படங்கள்தானே? தூத்துக்குடிக்கும் போகும். சலேத்து என் குரலைக் கேட்பாள். காகிதத்துக்குப் பதில் போடாமல் இருக்கலாம். குரலை என்ன செய்வாள்?

ஜூன் 21

புறப்பட்ட அன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

வீட்டில் ஒரு விஷயத்தில் எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவில்லை. என்ன விஷயம் என்பது இங்கே வேண்டாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "நான் போறேன்" என்றேன்.

சலேத்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "போறேன்னா சொல்லுதிய?"

"ஆமா. போறேன்."

கடைக்கு உப்பு வாங்கப் போனால்கூடப் போயிட்டு வாரேன் என்று சொல்லித்தான் நாம் படி இறங்குவோம். வாரேன் சொல்லாமல் கிளம்புவது சாவு வீட்டிலிருந்து மட்டும்தான். எனக்கு அது தெரியாதா? தெரிந்தேதான் சொன்னேன். அவளும் தெரிந்துதான் இரண்டாம் தடவை கேட்டாள், திருத்திக்கொள்ள எனக்கு இடம் கொடுத்தாள். அந்த ஒரு சொல்லைத் திருத்தத்தான் மாதாமாதம் எழுதுகிறேன். எழுத்தில் ஏறமாட்டேன் என்கிறது.

ஜூன் 23, ஞாயிறு

காக்காவின் கடிகாரத்தை வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தோம். முதலில் எழுதியது நாற்பது விநாடி ஓடியது.

"இது சாபமாவே? கோர்ட்டு வாக்குமூலம் மாதிரில்லா இருக்கு!"

"நீங்களா இருந்தா பத்து விநாடியில என்ன சொல்லுவீங்க?"

"எனக்கு எதுக்கு பத்து? எங்க வீட்ல உள்ளவ காதுல விழும்னா 'சோறு வை'ம்பேன். அதுல எல்லாம் வந்திருதே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெட்டி வெட்டிக் கடைசியில் இப்படி நின்றது: "சலேத்து! அன்னைக்குச் சொன்னது தப்பு. போறேன் இல்லை, வாரேன். நீ வான்னு சொன்னா வாரேன்!"

"ஒம்பது விநாடி" என்றார் காக்கா. "ஒண்ணு மிச்சம் இருக்கு."

"இருக்கட்டும்."

"உமக்குப் பிள்ளை உண்டுல்லா?"

"ஒரு பொம்பளைப் பிள்ளை."

"என்ன வயசு?"

"பதினொண்ணு ஆகப்போகுது. காக்கா, ஆணம் அடிப்பிடிக்குது பாருங்க."

குழம்பு ஒன்றும் அடிப்பிடிக்கவில்லை.

ஜூன் 24

எடுத்தாயிற்று.

ஒலி வாங்குகிற கருவியைச் சிலையின் வயிற்றுக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரனைப் பார்த்துக் கை நீட்டவேண்டும், வாய் சிலைப் பக்கம் இருக்கவேண்டும், முகம் கேமராவுக்கு நேரே தெரியவேண்டும். மூன்றையும் ஒரே கழுத்தால் செய்யவேண்டும். முதல் தடவை ஏதோ விளக்கு ரீங்காரம் போட்டுக் கெடுத்தது. இரண்டாம் தடவை பெல்டன் கூண்டுக்கு வெளியே ஓடிவந்தார். "நீ சாபம் கொடுக்கிறாயா, காதலிக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கிறாயா?" என்கிற பொருளில் இந்த ஊர்ப் பாணியில் ஏதோ திட்டினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர்மேல் இல்லை.

மூன்றாம் தடவை கத்தினேன். அடிவயிற்றிலிருந்து வந்தது. ஒத்திகை பார்த்தது அத்தனையும் சொல்லி முடித்தேன். முடித்தபிறகும் வாய் மூடவில்லை. மிச்சமிருந்த ஒரு விநாடியில் இன்னொரு சொல் தானாக வந்து விழுந்தது. அதை இங்கே எழுதவேண்டியதில்லை.

பெல்டன் என் இரண்டு தோளையும் பிடித்துக் குலுக்கினார். "அந்தக் கடைசி வார்த்தை! எனக்கு ரத்தமே உறைந்துவிட்டது. அதற்கு என்ன அர்த்தம்?"

"அர்த்தம் ஒன்றுமில்லை, வெறும் சத்தம்தான்" என்றேன்.

ஜூன் 25

சலேத்துக்குக் காகிதம் போட்டேன். படத்தின் பெயரை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி, பூசாரி வேஷத்துப் போட்டோவும் வைத்திருக்கிறேன். "ஊருக்கு வந்தால் கட்டாயம் போ. பார்ப்பதைவிடக் கேட்பது முக்கியம்" என்று எழுதினேன். இரண்டு தடவை அடிக்கோடு போட்டேன்.

ஜூலை 22

இன்று அர்ச்சிஷ்ட மரிய மதலேனாள் திருநாள். பூசை பார்த்தேன். வேறு விசேஷம் இல்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

படம் வந்துவிட்டது. காக்காவுக்கு என்னுடைய நல்ல கோட்டை மாட்டிவிட்டு அழைத்துக்கொண்டு போனேன். நிறத்தைப் பார்த்து எங்களை மாடிக்குத்தான் விட்டார்கள். பரவாயில்லை, மாடியில் குரல் நன்றாக எழும்புகிறது.

என் முகம் இரண்டு ஆள் உயரத்துக்குத் திரையில் நின்றது. வாயைத் திறந்தேன். "சலேத்து!" என்று அந்த மண்டபமே அதிர்ந்தது. முன்வரிசையில் ஒரு பெண் வீல் என்று கத்தினாள். ஆயிரம் பேர் என் பெண்டாட்டியின் பெயருக்கு நடுங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

காக்கா அந்தக் கடைசிச் சொல்லையும் கேட்டுவிட்டார். வெளியே வந்து இரண்டு தெரு நடந்தோம். பிறகு, "நல்லா இருந்துச்சுவே" என்றார். நையாண்டி பண்ணாமல் அவர் சொன்ன முதல் வார்த்தை இதுவாகத்தான் இருக்கும்.

1930 பிப்ரவரி 11

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

படக் கம்பெனியில் பெட்டி கட்டுகிற இடத்துக்குப் போயிருந்தேன். பச்சைக்கல் படம் பம்பாய்க்குப் புறப்படுகிறது என்று கேள்விப்பட்டு, பெட்டியையாவது ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாம் என்று போனேன். பைத்தியக்காரத்தனம்தான். அங்கே இருந்த ஆளிடம் ஒலித்தட்டுகள் எந்தப் பெட்டியில் என்று கேட்டேன். இந்தப் படத்தில் பேச்செல்லாம் தனியே தட்டுகளில்தான் இருக்கிறது. படச்சுருளோடு சேர்த்து ஓட்டினால்தான் குரல் வரும்.

"இந்தியாவுக்குத் தட்டு கிடையாதே" என்றான். "அங்கே எத்தனை கொட்டகையில் பேசும் இயந்திரம் இருக்கிறது? படம் மட்டும்தான் போகிறது. பேசுகிற இடத்திலெல்லாம் எழுத்து அட்டை சேர்த்துவிட்டோம்."

"பூசாரி பேசுகிற இடத்தில்?"

பட்டியலைப் புரட்டிப் படித்தான்: "'உன் குலம் நாசமாகட்டும்!'"

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. தட்டு. கடைசியில் எல்லாம் தட்டில் வந்துதான் நிற்கிறது.

மறைத்து என்ன ஆகப்போகிறது? இந்த நோட்டை யார் படிக்கப்போகிறார்கள்? அப்போது பிள்ளைக்கு இரண்டு வயது. சலேத்து சந்தைக்குப் போயிருந்தாள். பிள்ளை முற்றத்தில் முதுகு காட்டி உட்கார்ந்து சோழி வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. நான் பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து அதற்குப் பின்னால் கல்தரையில் போட்டேன். திரும்பவில்லை. இன்னும் பக்கத்தில் போய்ப் போட்டேன். மூன்றாம் தடவை ஓங்கி எறிந்தேன். அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். பிள்ளை சோழியை அடுக்கிக்கொண்டிருந்தது.

தெருவில் ஊமை, ஊமை என்று பேச ஆரம்பித்தார்கள். பிள்ளையைக் கன்னியாஸ்திரீகளிடம் விட்டுவிட்டு என்னோடு கொழும்புக்கு வந்துவிடு என்று சலேத்திடம் சொன்னேன். மாட்டேன் என்றாள். எனக்குத் தாங்கவில்லை, போனேன். ஒத்துப்போகாத விஷயம் அதுதான்.

மார்ச் 4

தாடி வளர்ந்துவிட்டது. கார்டில் பழையபடி எழுதிக்கொண்டார்கள்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

ஊரில் இருந்தபோது இந்த நாளில் ஏசுவைச் சிலுவையில் அறைவதைக் காட்டும் பாஸ்கு நாடகத்தில் எனக்கு யூதாஸ் வேஷம் கொடுப்பார்கள். என்னமாய்ப் பொருந்துகிறது என்று சொல்லுவார்கள். பொருந்தாமல் என்ன.

மே 12

இருபத்து நான்காவது சாவு. முதலை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 22

மறுபடியும் திருநாள். பன்னிரண்டு.

ஜூலை 26

காகிதம் வந்திருக்கிறது. சலேத்தின் கையெழுத்து. ஒரு சொல் விடாமல் இங்கே பெயர்த்து எழுதிவைக்கிறேன், காகிதம் தொலைந்தாலும் இது இருக்கும்.

"உங்களுக்கு சலேத்து எழுதுறது. நாங்க சுகம்.

போன மாசம் கடக்கரைப் பக்கம் கூடாரம் போட்டு நீங்க எழுதுன படத்தைக் காட்டுனாக. மதலேனுக்கு அப்ப லீவு. பாளையங்கோட்டையில வாய் பேசாத பிள்ளைகளுக்குன்னு ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. ஆறு வருசமா அங்கதான் தங்கிப் படிக்கா. இதை உங்களுக்கு எழுதலை. நீங்க கேக்கலை.

காதால கேக்கணும்னு எழுதியிருந்திய. படத்துல சத்தமே இல்லை. இங்க அதை ஊமைப்படம்னுதான் சொல்லுதாக. திரைக்குப் பக்கத்துல ஒரு ஆளு குழாயை வச்சுக்கிட்டுக் கதை சொன்னாரு. நீங்க வந்திய. நீங்க வாயைத் திறந்ததும் அந்த ஆளு, 'பூசாரி சாபம் போடுதான்! நாசமாப் போ, நாசமாப் போங்கான்!'னு கத்துனாரு. கூடாரமே கை தட்டுச்சு. நான் தலையைக் குனிஞ்சிட்டேன். பத்து வருசம் கழிச்சு வந்தும் 'போ'தானான்னு இருந்துச்சு.

மதலேன் என் முந்தியைப் பிடிச்சு இழுத்தா. இல்லை இல்லைன்னு தலையாட்டுறா. ஆளுக வாயைப் பாத்தே அவளுக்குப் பேச்சு விளங்கும், அதைத்தான் அங்க சொல்லிக்குடுக்காக. 'போ'ன்னா ரெண்டு உதடும் ஒட்டிப் பிரியணுமாம். 'வா'ன்னா மேல்பல்லு கீழ் உதட்டுல படணுமாம். முத நாள் பாடமே அதுதானாம். அவளுக்கு வருத சத்தத்துல 'வாரே'ன்னு சொல்லிக் காட்டுனா. பிறகு என்னைத் தொட்டா. பிறகு அவ நெஞ்சைத் தொட்டா.

நான் நம்பலை. மறுநாளும் கூட்டிட்டுப் போனேன். அதுக்கு மறுநாளும் போனோம். மூணு நாளும் மாத்தாமச் சொன்னா. முதல்ல அம்மா பேரு, பிறகு வாரேன், கடைசியில மதலேன்.

நீங்க எழுதுன காயிதம் அம்புட்டும் தகரப்பெட்டியில இருக்கு. ஒவ்வொண்ணையும் பிரிச்சு அவ பேரு இருக்கான்னு தேடுவேன். நான் எப்படி இருக்கேன்னு கேட்டிருப்பிய, எங்க அண்ணன் எப்படின்னு கேட்டிருப்பிய, வெள்ளாட்டைக்கூடக் கேட்டிருக்கிய. அவ பேரு இருக்காது. அவ பேரு இல்லாத காயிதத்துக்கு நான் என்னன்னு பதில் எழுத? அதான் எழுதலை.

நான் வான்னு சொன்னா வருவேன்னு சொன்னியளாம். அதை நான் சொல்ல மாட்டேன். கீழே இடம் விட்டிருக்கேன்."

கீழே, பென்சிலால், வரியில் நிற்காத பெரிய எழுத்தில்: "அப்பா வா."

மாலை

இந்த நோட்டை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். அவள் பெயர் இதிலும் கிடையாது. போன வருஷம், அவள் பிறந்த திருநாளில், ஒரே ஓர் இடத்தில், அர்ச்சிஷ்டவளின் பெயராக ஒளித்து வைத்திருக்கிறேன். என் சொந்த நோட்டில்கூட ஒளித்திருக்கிறேன். சீ.

காக்காவிடம் ஓடினேன். படித்துக் காட்டினேன். குழாய்க்காரர் "நாசமாப் போ" என்று கத்திய இடத்தில் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முடிவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீரு தொண்டை கிழியக் கத்துனீரே, அது யாரு காதுலயும் விழலை. காதே கேக்காத பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்துட்டுவே" என்றார்.

அப்போதுதான் என் கை தாடிக்குப் போனது. பெல்டனிடம் அந்தப் போட்டோ இல்லாமல் இருந்திருந்தால்? தாடியும் மீசையும் உதட்டை மூட நான் அங்கே நின்றிருந்தால்?

ஜூலை 29

ஆபீஸிலிருந்து ஆள் அனுப்பினார்கள். பெரிய படமாம். ஆறு வாரம் வேலை, ஆங்கிலத்திலேயே வசனம், திரையில் பெயரும் போடுவார்களாம். "தாடி இருக்கிறதல்லவா?" என்று கேட்டான் வந்தவன்.

"இருக்கிறது. நாளைக்கு இருக்காது."

திரையில் பெயர்! பத்து வருஷம் அதற்காகக் குட்டிக்கரணம் போட்டவன்தானே நான்? இரண்டு நிமிஷம் வயிறு எரிந்ததை மறைப்பானேன். பிறகு போய் சவரக்கத்தியைத் தீட்டினேன்.

ஆகஸ்ட் 5, சான் பேத்ரோ துறைமுகம்

கொழும்புவரை போகிற சரக்குக் கப்பல் ஒன்றில் சமையல்கட்டில் வேலை சொல்லி ஏறுகிறேன். கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்குத் தோணி கிடைக்கும். காக்கா வழியனுப்ப வந்தார். கருவாட்டுப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தார்.

"வாரேன் காக்கா" என்றேன். இனி வரமாட்டேன், இந்த நாடு விடாது, அது அவருக்கும் தெரியும்.

"வாரும்வே" என்றார்.

ஆகஸ்ட் 9, கப்பலில்

காலையில் முதல் வேலையாகச் சவரம் செய்தேன். இனித் தினமும் செய்யவேண்டும், ஒரு நாள் விட்டாலும் உதடு மங்கிவிடும். பிறகு கண்ணாடி முன்னால் நின்று, சத்தம் வராமல், மதலேன் என்று சொல்லிப் பார்த்தேன். உதடு ஒட்டி, திறந்து, சரியாகத்தான் வருகிறது. பத்துத் தடவை சொன்னேன். பக்கத்தில் முகம் கழுவிய மலாய்க்காரன் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துச் சோப்பை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனான்.

அடுத்தது, "வந்துட்டேன்." அதற்கு வாய் இன்னும் பழகவில்லை. பாதியில் கோணிக்கொண்டு அழுகையாகிவிடுகிறது, அப்படிச் சொன்னால் அவளுக்கு விளங்காது. கொழும்பு சேர இன்னும் முப்பத்தொரு நாள் இருக்கிறது.